ரெசிஸ்டர் வாங்க நீ திருவனந்தபுரம் போன அன்னைக்கு

மக்கா,

இந்தக் கடுதாசிய நான் ஒட்டல. கவர் வாயத் திறந்தபடிதான் சுபா கையில குடுத்து விட்டிருக்கேன். அவ படிச்சாச்சு. விமானத்துல பக்கத்து சீட்டுக்காரி வாங்கிப் படிச்சாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல. டிவியோட வயித்தக் கழட்டிப் படம் பிடிச்சு உலகமெல்லாம் பாக்க நெட்டுல போட்டவன் நீ. உன் பொண்டாட்டி கொண்டு வாற கடுதாசிய நாலு பேரு பாத்தா குறைஞ்சா போயிருவே?

‘போன்ல சொன்னா என்னம்மா?’ன்னு கேப்பே. போன்ல நான் வாயத் திறந்ததும் ‘சிக்னல் இல்லம்மா’ம்பே. பேசிப் பதிஞ்சு அனுப்பினா அதை ரெண்டு மடங்கு வேகத்துல ஓட விட்டுக் கேக்குததா நீயே பெருமையாச் சொல்லியிருக்கே. எழுதி அனுப்பினா கட்டைவிரல் ஒண்ணு வரும். முப்பது வருசம் எட்டாங்கிளாஸுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தவ நான். எத்தனையோ மக்குப் பிள்ளைகளக் கரையேத்தி விட்டிருக்கேன். அதுல ஒரு பய எனக்குக் கட்டைவிரல் காட்டினதில்ல. அதனால காகிதத்துல எழுதுதேன். பைய உக்காந்து படி.

விசயத்த முதல்லயே சொல்லிருதேன். உனக்கும் சுபாவுக்கும் கல்யாணம் முடிஞ்சு ஏழு வருசம் ஆச்சு. பிள்ளை இல்ல. அவ எடுக்க வேண்டிய டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு. அவ உடம்புல ஒரு குறையும் இல்லேன்னு டாக்டரம்மா சொல்லியாச்சு. மிச்சம் இருக்கது நீ எடுக்க வேண்டிய டெஸ்ட் ஒண்ணே ஒண்ணு. அரை மணிக்கூர் சோலி. மஸ்கட்ல இருந்து ரெண்டு வருசம் கழிச்சு லீவுல வந்தே, ஆவணி மாசம் முழுக்க இந்த வீட்டுல இருந்தே, அந்த அரை மணிக்கூர் மட்டும் உனக்குக் கிடைக்கல. மிச்ச நேரமெல்லாம் நீ என்ன செஞ்சேன்னு தெருவுக்கே தெரியும். பழைய டிவியக் கழட்டி மாட்டினே.

அந்த டிவி உங்க அப்பா அரியர் பணம் வந்த ஜோர்ல வாங்கினது. இருபத்தொன்பது இஞ்ச். ஆட்டுரல விடக் கனம். செவுத்துல மாட்டுத தட்டை டிவி வந்த பொறவு அது சாமான் போடுத அரங்குக்குள்ள சாக்கு மூடிக் கிடந்தது. நீ வந்த மறுநாள் அரங்கத் திறந்து சாக்க எடுத்துப் பாத்தே பாரு ஒரு பார்வை! ரெண்டு வருசம் காத்துக்கிடந்த பொண்டாட்டிய அப்படி ஒரு பார்வை பாத்திருந்தா இந்தக் கடுதாசிக்கே அவசியம் வந்திருக்காது. ‘அம்மா, இந்த மாதிரி டியூப் டிவிக்கு வெளிநாட்டுல இப்பம் என்ன மவுசு தெரியுமா?’ன்னே. பக்கத்து வீட்டுக்காரன ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, நிலையில ஒரு இடி, கதவுல ஒரு இடின்னு தூக்கிக்கிட்டு வந்து, நீயும் சுபாவும் படுக்குத ரூம்ல கொண்டு வச்சே. மேசை பத்தல. அதனால கட்டில்ல விரிப்ப மாத்தி அதும்மேல ஸ்க்ரூவும் வயரும் சர்க்யூட் படமுமாப் பரத்தினே. ‘யாரும் கலைச்சிராதீங்க, எது எங்கோடி இருந்ததுன்னு எனக்கு மறந்து போகும்’னே. அன்னையில இருந்து நீ மஸ்கட்டுக்குத் திரும்புத வரைக்கும் சுபா என் ரூம்ல பாய் போட்டுப் படுத்தா. கட்டில்ல ஸ்க்ரூ படுத்திருந்தது. பிள்ளை எங்கோடிலே வரும்? தபால்லயா?

என்ன செய்யப் போறேன்னு நீ எனக்கு விளக்கினது இன்னும் ஓர்மை இருக்கு. ஏன்னா பால்காரனுக்கு, பக்கத்து வீட்டுக்காரனுக்கு, தேங்கா பறிக்க வந்தவனுக்குன்னு எல்லாருக்கும் அதையே சொன்னே. நீ சின்ன வயசுல விளையாடின டிவி கேம் பெட்டி இருக்குல்லா, அதுல இருந்து ஒரு மஞ்சள் வயர் வழியாத்தான் படம் வருமாம். அதுல எல்லா நிறமும் ஒண்ணாக் கலந்து வருமாம். டிவி அதைப் பிரிச்செடுக்கும்போது கலங்கிப் போகுமாம். அவியல்ல இருந்து முருங்கைக்காயத் தனியா, சேனையத் தனியாப் பொறுக்கி எடுக்குத கதை. செவப்பு, பச்சை, நீலம் மூணையும் ஆரம்பத்துலயே தனித்தனி வயர்ல குடுத்துட்டா படம் பளிங்கு மாதிரி இருக்குமாம். ஆனா நம்ம ஊர் டிவியில அதுக்கு வழி கிடையாதாம். ஒரே ஒரு வழி உண்டாம். டிவி தன் கைப்பட எழுதுதே சானல் நம்பரு, சத்தத்தக் கூட்டுனா வாற பச்சைக் கோடு, அது மட்டும் உள்ளுக்குள்ளேயே மூணு நிறமும் தனித்தனியா, மெயின் சிப்புக்குத் தனிக் கால் வழியாப் போகுமாம். அந்தக் கால்ல நீ உன் வயர ஈயம் உருக்கிப் பத்த வச்சு, கேம் பெட்டிப் படத்த உள்ள விட்டா, டிவி அதையும் தான் எழுதின நம்பர்னே நினைச்சுக்குமாம். சொல்லும்போது உன் கண்ணு ரெண்டும் மின்னிச்சு. கேக்க நல்லாத்தான் இருந்தது, இல்லேங்கல. வகுப்புல இப்படி ஒருத்தன் எழும்பிச் சொல்லியிருந்தா முதுகுல தட்டிக் குடுத்திருப்பேன். முப்பத்தஞ்சு வயசுல, பொண்டாட்டி பக்கத்துல நிக்கும்போது, அவ முகத்த ஒருக்கா கூடப் பாக்காமச் சொன்னா, தட்டத் தோணல.

பொறவு அந்த டியூபுல கரண்டு இறக்கினதச் சொல்லணும். பிளக்கப் பிடுங்கின பொறவும் அதுக்குள்ள கரண்டு நிக்கும், ஆளக் கொன்னு போடும்னு சொல்லி வீட்டுல எல்லாரையும் வெளிய முத்தத்துக்கு விரட்டினே. ஒத்தக் கைய முதுகுக்குப் பின்னால மடக்கிக்கிட்டு, ஒத்தக் கையில வயர் சுத்தின ஸ்க்ரூ டிரைவரோட, காலுல ரப்பர் செருப்பு, மூஞ்சியில சுபாவோட கருப்புக் கண்ணாடி. சன்னல் வழியா நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். டியூபோட முதுகுல ஒட்டியிருந்த ரப்பர் மூடிக்கு அடியில முனைய விட்டே. ‘பட்’டுன்னு ஒரு சத்தம். துள்ளிப் பின்னால போயி, சம்பா அரிசி புடைச்சு வச்சிருந்த சொளவுல உக்காந்தே. அரிசியெல்லாம் தரையில. சுபா பதறி ஓடி வந்து ‘ஒண்ணும் ஆகலல்லா?’ன்னு உன் கையப் பிடிச்சுப் பாத்தா. நீ கைய உருவிக்கிட்டு, ‘டியூபுக்கு ஒண்ணும் ஆகல’ன்னே. அவ கேட்டது டியூபையா, சவமே? அந்த அரிசிய அவதான் பொறுக்கினா.

இனி ஆசுத்திரிக்குப் போக வேண்டிய நாளு. நாகர்கோவில்ல அந்த டாக்டரம்மாகிட்ட நேரம் கிடைக்குதது சாமானியமில்ல. உன் லீவுக் கணக்குப் பாத்து சுபா முன்கூட்டியே சொல்லி வாங்கி வச்சிருந்தா. அன்னைக்கு அவ வேலை பாக்குத ஆடிட்டர் ஆபீசுக்கு லீவு சொல்லிட்டு, விடியக்காலையிலயே குளிச்சு, பைலக் கையில எடுத்துக்கிட்டு முன்னறையில வந்து நின்னா. நீயும் சட்டை மாட்டி, தலை சீவி வந்தே. எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு, கேட்டியா. பய பயந்துக்கிட்டு இருந்தான், இன்னைக்குத் துணிஞ்சுட்டான்னு நினைச்சேன்.

‘போலாமா?’ன்னு கேட்டா அவ.

‘நீயும் அம்மையும் போயிட்டு வாங்க. நான் திருவனந்தபுரம் வரைக்கும் போயிட்டு வாறேன்.’

‘இன்னைக்கா?’

‘எழுபத்தஞ்சு ஓம் ரெசிஸ்டர் இங்க ஒருத்தன்கிட்டயும் இல்ல. சாலைத் தெருவுல கிடைக்கும்னு சொன்னாங்க. அது போடலேன்னா படம் வெளிறிப் போகும்.’

‘டாக்டர் இன்னைக்குத்தான் வரச் சொல்லிருக்காங்க. உங்களையும் கூட்டிக்கிட்டு வரணும்னு சொன்னாங்க.’

‘டாக்டர் எங்க போயிரப் போறாங்க? கடை நாளைக்கு லீவு.’

சொல்லிட்டுச் செருப்ப மாட்டிக்கிட்டு இறங்கிட்டே. நான் பின்னால ‘எலே’ன்னு விளிச்சது உனக்குக் கேட்டது. கேட்டதுன்னு எனக்குத் தெரியும். தோளு ரெண்டும் ஒருக்காக் குறுகிச்சு, பொறவு நடை வேகமாச்சு. சின்னதுல முட்டை மார்க் வாங்கின பேப்பரச் சட்டைக்குள்ள ஒளிச்சுக்கிட்டுப் போவியே, அதே நடை.

நானும் சுபாவும் பஸ்ஸுல போனோம். அங்க எல்லாரும் சோடி சோடியா உக்காந்திருந்தாங்க. எங்க முறை வந்தப்பம் நர்ஸ் பிள்ளை பைலப் பிரிச்சுப் பாத்துட்டு, அத்தனை பேருக்கும் கேக்க, ‘வீட்டுக்காரர் வரலியா?’ன்னா. சுபா தலையக் குனியல. ‘மஸ்கட்ல இருக்காங்க. லீவு கிடைக்கல’ன்னு சொன்னா. பொய் சொல்லி எனக்குப் பழக்கம் உண்டு, ஆனா அவ வாயில நான் ஒரு பொய்யும் கேட்டதில்ல. டாக்டரம்மா ‘அவரப் பாக்காம இனி நான் ஒண்ணும் செய்யுததுக்கில்ல’ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. திரும்பி வாறப்பம் பஸ்ஸுல கேட்டேன். ‘ஏன் மக்களே அப்படிச் சொன்னே?’ அவ சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டே, ‘ஊர்ல இருந்துக்கிட்டே வரலேன்னு எப்படி அத்தை சொல்லுகது’ன்னா. நீ அன்னைக்குச் சாயங்காலம் ஒரு சின்னப் பொட்டலத்தோட வந்தே. ஒவ்வொரு ரெசிஸ்டரா மீட்டர்ல வச்சு அளந்து பாத்தே. ஒண்ணு கொஞ்சம் கூடுதலாக் காட்டிச்சுன்னு தூரப் போட்டே. அளந்து பாக்கத் தெரிஞ்சவன்தானே நீ? அளக்க வேண்டியத அளக்க மட்டும் உனக்குக் கை வரல. இருபத்தஞ்சாயிரம் வோல்ட்டுல கைய விட்டவனுக்கு டெஸ்டுக்குக் குடுக்குத ஒரு பிளாஸ்டிக் டப்பாவக் கண்டா பயம். வெக்கமா இல்லியாலே?

படம் வந்த அன்னைக்கு எல்லாரையும் விளிச்சுக் காட்டினே. டிவிக்குப் பின்னால ஓட்டை போட்டு ஒரு சின்ன சுவிட்ச் வச்சிருந்தே. இப்படித் தட்டினா சாதா டிவி, அப்படித் தட்டினா உன் ஆட்டம். தட்டினே. வந்தது. ஒரு குட்டி மனுசன் செங்கல்லு மேல துள்ளித் துள்ளி ஓடினான். நிறமெல்லாம் நல்ல துலக்கமாத்தான் இருந்தது. பூதக்கண்ணாடிய வச்சு, செவப்பும் பச்சையும் நீலமுமா நிக்குத கோடுகள எனக்குக் காட்டினே. பொறவு உன் கண்ணுல தண்ணி வந்தது. சத்தியமாச் சொல்லுதேன், உங்க அப்பா செத்தன்னைக்குக்கூட நீ அப்படி அழல. சுபா சாயா கொண்டு வந்தா. ‘முன்னால நிக்காத, மறைக்குது’ன்னே. அவ சாயாவ சன்னல் படியில வச்சுட்டு அடுக்களைக்குப் போயிட்டா. அது ஆறி ஆடை படிஞ்சு கிடந்தது, நீ எடுத்துக் குடிக்கல.

ஆவணி ஞாயித்துக்கிழமையில நாகராஜா கோயில்ல பாலும் மஞ்சளும் ஊத்துதது நம்ம பக்கத்துப் பெண்டுகளுக்குள்ள வழக்கம். நானும் சுபாவ வருசா வருசம் கூட்டிக்கிட்டுப் போறேன். அவ பட்டினி கிடந்து, ஈரச் சேலையோட வரிசையில நின்னு, அந்தக் கல்லுப் பாம்புக எல்லாத்துக்கும் பால் ஊத்துவா. இந்த வருசமும் கிளம்பி நின்னோம். நீ கட்டில்ல ஸ்க்ரூவுக்கு நடுவுல சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டு, ‘நல்லா வேண்டிக்கிட்டு வாங்கம்மா’ன்னே. இன்ஜினியரு! கோயிலு, ஜாதகம் எல்லாம் மூடத்தனம்னு காலேஜ்ல படிக்கும்போது எங்கிட்ட மல்லுக்கு நின்ன மகராசன். பாம்பு என்னலே செய்யும்? உனக்காகப் போயி டெஸ்ட் எடுக்குமா? அன்னைக்கு வரிசையில நிக்கும்போதே எனக்கு அந்தப் பால் செம்ப உன் டிவியில கொண்டு ஊத்தினா என்னன்னு தோணிச்சு. சாமி குத்தம், மன்னிக்கட்டும்.

அதுக்குப் பொறவுதான் உன் பெரியத்தை வீட்டு வளைகாப்பு. உங்க அப்பாவோட அக்கா, எண்பதத் தொட்டும் நாக்கு மட்டும் இன்னும் இருபதுல நிக்குது. பேத்திக்கு ஏழாம் மாசம். எல்லாப் பெண்டுகளும் வரிசையா வளையல் போட்டாங்க. சுபா கையில வளையல எடுத்துக்கிட்டு எழும்பினா. பெரியத்தை அவ முழங்கையப் பிடிச்சு, சிரிச்ச மூஞ்சியோட, ‘நீ பந்தியில வெளம்ப ஆளு இருக்கான்னு போய்ப் பாரு மக்கா’ன்னா. அம்பது பேரு கேட்டாங்க. சுபா வளையலத் தட்டுல திரும்ப வச்சுட்டு அங்கோடி போனா. நீ தூணுல சாஞ்சு நின்னு போனப் பாத்துக்கிட்டு இருந்தே. உன் டிவி படத்துக்கு எந்த நாட்டுக்காரன் என்ன எழுதியிருக்கான்னு பாத்தியாம். தலையத் தூக்கினே. பாத்தே. திரும்பக் குனிஞ்சே. வீட்டுக்கு வாற வழியில, ‘பெரியத்தை எப்பமும் அப்படித்தானே’ன்னு சொன்னே. பூனை கண்ண மூடிக்கிட்டா உலகமே இருண்டு போச்சுன்னு நினைக்குமாம். நீ கண்ண மூடிக்கிட்டது மட்டுமில்ல, அவ முதுகுக்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்கிட்டே. உனக்கு விழ வேண்டிய அடியெல்லாம் அவ முதுகுல விழுது. அதை நினைச்சா எனக்குக் கொதிக்குது.

நானும் யோக்கியம் கிடையாது. பெரியத்தை அதைச் சொன்ன அன்னைக்கு நானும் வாயத் திறக்கல. விசேச வீட்டுல எதுக்குச் சண்டைன்னு இருந்துட்டேன். அதுக்கு இப்பம் பதில் செஞ்சாச்சு, பொறவு சொல்லுதேன்.

நீ புறப்பட்டுப் போறப்பம் டிவிக்குப் போர்வை போத்தினே. சுபாகிட்ட, ‘வெள்ளிக்கிழமை தோறும் அரை மணிக்கூர் போட்டு வை, இல்லேன்னா ஈரம் இறங்கிரும்’னே. அவளும் போட்டா, பாவி மட்டை. ஆபீஸ்ல இருந்து வந்து, கைகால் கழுவி, விளக்கேத்தி, பொறவு உன் டிவியப் போட்டு முன்னால உக்காந்திருப்பா. அந்தக் குட்டி மனுசன் ஓடாம நின்ன இடத்துலயே நின்னு மூச்சு வாங்குவான். இவ அவனப் பாத்துக்கிட்டு இருப்பா. நீ போன் பண்ணினா முதல் கேள்வி என்ன? ‘சாப்பிட்டியா’ இல்ல. ‘டிவி போட்டியா?’ நான் பக்கத்துல இருந்து கேட்டிருக்கேன்.

இனி நான் சொல்லப் போறது உனக்குத் தெரியாது. உங்க அப்பா இருந்த வரைக்கும் சொல்லல, இப்பம் சொன்னா அவரு கோவிக்க மாட்டாரு.

உங்க அப்பாவப் பத்தி நான் நல்லதாச் சொன்னது குறைவு. சொல்லும்படியா அவரும் ஒண்ணும் செஞ்சதில்ல. சந்தைக்குப் போனா முத்தின கத்திரிக்காயாப் பாத்து வாங்கிட்டு வருவாரு. குடையக் கொண்டு போனா பஸ்ஸுல விட்டுட்டு வருவாரு. கரண்டுன்னா நடுக்கம். ப்யூஸ் போனா பக்கத்து வீட்டுல இருந்து ஆள் வரணும். ‘எங்க அப்பாவுக்கு ஒரு பல்பு மாத்தக்கூடத் தைரியம் கிடையாது’ன்னு நீ உன் கூட்டுக்காரனுகட்ட சொல்லிச் சிரிச்சதும், அவரு கேட்டுக்கிட்டே அந்தப் பக்கமாப் போனதும் எனக்குத் தெரியும்.

எங்களுக்குக் கல்யாணம் முடிஞ்சும் ஆறு வருசம் பிள்ளை இல்ல. உன் பெரியத்தை அப்பமும் இருந்தா. அவ நாக்குக்கு நான்தான் தீனி. மலடின்னு நேராச் சொல்ல மாட்டா. நான் தண்ணி ஊத்தின வாழை குலை தள்ளலேன்னு சொல்லுவா. ஒருநாள் உங்க அப்பா பள்ளிக்கூடத்து வாசல்ல வந்து நின்னாரு. ‘ஹெட்மாஸ்டர்ட்ட லீவு சொல்லிட்டு வா’ன்னாரு. திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறினோம். அங்க பெரிய ஆசுத்திரியில யாரோ சொன்ன டாக்டர். என்னை வெளிய பெஞ்சில உக்கார வச்சுட்டு அவரு உள்ள போனாரு. அந்தக் காலத்துல ஆம்பிளைக அந்த வாசலப் பாத்தா வேற தெரு வழியாப் போவாங்க. ப்யூஸ் கம்பியத் தொடப் பயப்படுத மனுசன். வேர்த்து வழிஞ்சு, சட்டை முதுகோட ஒட்டிப் போயி, உள்ள போனாரு.

மறுபடியும் போயி முடிவு கேட்டுட்டு வந்த அன்னைக்குச் சாயங்காலம், உன் பெரியத்தை நம்ம அடுக்களையில பலாச்சக்கை வெட்டிக்கிட்டு இருந்தா. கூட ரெண்டு மூணு பெண்டுக. என்னைக் கண்டதும், ‘ஊரு சுத்திட்டு வாறாளே, ஒரு பலனும் இல்ல’ன்னா. உங்க அப்பா செருப்பக்கூடக் கழட்டல. அடுக்களை நிலையில நின்னு, ‘அக்கா, குறை என் உடம்புல. டாக்டர் பாத்துச் சொல்லியாச்சு. இனி இவள ஒரு சொல்லு சொன்னேன்னா நீ இந்த வீட்டுப் படி ஏறாண்டாம்’னாரு. குரலெல்லாம் நடுங்கிச்சு. பெரியத்தை கையில சக்கைப் பால் ஒட்டி, கத்தியக் கீழ வைக்கவும் முடியாம உக்காந்திருந்தா. பொறவு அவருக்குச் சின்னதா ஒரு ஆபரேசன் நடந்தது. கொஞ்ச நாள் கால அகட்டி அகட்டி நடந்தாரு. ஆபீஸ்ல கேட்டவங்ககிட்டயும் ஒளிக்கல. அடுத்த வருசம் நீ பிறந்தே.

நீ பிறந்ததே அப்படித்தான், மக்கா. பல்பு மாத்தப் பயந்த ஒரு மனுசன் ஒருநாள் பயத்தோடேயே அந்த ரூமுக்குள்ள போனதால பிறந்தவன் நீ. பயப்படுதது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். பயந்தவன் தன் பயத்தப் பொண்டாட்டி தலையில தூக்கி வச்சுட்டு ஈயம் உருக்கிக்கிட்டு உக்காந்திருக்கது இருக்கு பாரு, அதைத்தான் என்னால சகிக்க முடியல. உன் உடம்புல குறை இருந்தா இருந்துட்டுப் போகட்டும். மருந்து இருக்கும். மருந்து இல்லேன்னா தத்தெடுக்கலாம். பிள்ளையே வேண்டாம்னாலும் உங்க இஷ்டம். அது எதுவும் எனக்குப் பெருசு இல்ல. ஊருக்கு முன்னால அவ தலையக் குனிய வச்சியே, அதுதான் பெருசு.

போன வாரம் பெரியத்தை வீட்டுக்கு நான் போனேன். பேத்திக்குக் குழந்தை பிறந்து பெண்டுகள்லாம் கூடியிருந்தாங்க. எல்லாருக்கும் கேக்கும்படியாச் சொன்னேன். ‘சுபாவுக்கு ஒரு குறையும் கிடையாது. என் மவன் டெஸ்டுக்கு வரல. டிவி கழட்டப் போயிட்டான். இனி யாருக்காவது கேள்வி இருந்தா அவங்கிட்ட கேளுங்க.’ பொறவு பெரியத்தை பக்கத்துல உக்காந்து, ‘சக்கை வெட்டின அன்னைக்கு உங்க தம்பி சொன்னது ஓர்மை இருக்கா மயினி?’ன்னேன். வெத்தலைய மென்னுக்கிட்டே இருந்தா, முழுங்கல, துப்பல. நீ அடுத்த தடவ ஊருக்கு வந்தா நாலு பேரு உங்கிட்ட கேக்கத்தான் செய்வாங்க. கேக்கட்டும்.

‘குடும்ப விசா இப்பம் கிடைக்காது’ன்னு ஏழு வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்கே. வந்து பாத்துட்டுப் போறதுக்குன்னு ஒரு விசா இருக்காமே? அதை சுபாவே எடுத்தா. டிக்கெட் நான் எடுத்துக் குடுத்தேன். அங்க நர்ஸா இருக்க அவ காலேஜ் கூட்டுக்காரி மூலமா ஒரு டாக்டர்கிட்ட நாளும் குறிச்சு வச்சிருக்கா. உன் பேர்ல. உன் டிவிய நான் இனிப் போடுததா இல்ல. வெள்ளிக்கிழமை எனக்கு வேற சோலி இருக்கு.

சுபா இதைப் படிச்சுட்டு ஒரே ஒரு இடத்துல கைய வச்சா. ‘அத்தை, இந்த வார்த்தைய மட்டும் எழுதாண்டாம், அவங்க மனசு கஷ்டப்படும்’னா. அதனால அதை அடிச்சிருக்கேன். அவளுக்காகத்தான் அடிச்சேன், உனக்காக இல்ல. இவ்வளவுக்குப் பொறவும் உன் மனசப் பத்திக் கவலைப்படுதா பாரு. நான் பெத்த பிள்ளைக்கு இப்படி ஒருத்தி கிடைச்சது எந்தப் பிறவியில செஞ்ச புண்ணியமோ எனக்குத் தெரியல. நீ செஞ்சதா இருக்காது.

அவ வாற நேரத்தச் சொல்லியாச்சு, ஆனாலும் விமான நிலையத்துல நீ நிப்பியா மாட்டியான்னு அவளுக்கும் நிச்சயமில்ல, எனக்கும் நிச்சயமில்ல. நிக்கலேன்னா இந்தக் கவர் அந்தக் கூட்டுக்காரி மூலமா உன் கைக்கு வரும். நின்னா, இதை மடிச்சு வச்சுட்டு அவ பெட்டிய வாங்கிக்கோ. மறுநாள் அவகூட அந்த டாக்டர்கிட்ட போ. வேர்த்தா வேர்க்கட்டும், கை நடுங்கினா நடுங்கட்டும், உள்ள போ. போகலேன்னா அவகிட்ட திரும்பி வாற டிக்கெட் இருக்கு. அவ இந்த வீட்டுக்குத்தான் வருவா. வந்த பொறவு அவளுக்கு நல்ல ஆம்பிளையா ஒருத்தனப் பாத்து நானே கல்யாணம் முடிச்சு வைப்பேன். அவ அம்மை இல்லாத பிள்ளை. மணையில அம்மை நிக்க வேண்டிய இடத்துல நான் நிப்பேன். ஊரு சிரிச்சாலும் நிப்பேன். பத்திரிகை அடிச்சதும் உனக்கும் ஒண்ணு அனுப்பி வைக்கேன்.

அம்மை